எள்ளுத் தாத்தா எந்த ஊர்?



அறிவியல் என்றதும் உனக்கு என்ன நினைவுக்கு வருகிறது? சோதனைக் குழாய், நுண்ணோக்கி, ராக்கெட். சரிதான். ஆனால் அறிவியல் அதோடு முடிந்துவிடுவதில்லை. தெரிந்ததை வைத்துக்கொண்டு தெரியாததைத் தேடுவதும் அறிவியல். சாட்சி இல்லாமல் எதையும் நம்ப மறுப்பதும் அறிவியல். அப்படிப்பட்ட ஒரு தேடலுக்குத்தான் இன்று உன்னை அழைத்துப் போகிறேன். கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை நீ. அதனால் உனக்கு இது பிடிக்கும்.

நியூயார்க் நகரில் உன் வயதில் ஒரு சிறுமி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய எள்ளுத் தாத்தா, அதாவது தாத்தாவின் தாத்தா, இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தவர். வீட்டில் தெரிந்தது அவ்வளவுதான். கடிதம் இல்லை, புகைப்படம் இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை. எந்த ஊர் என்று கேட்டால், "நேப்பிள்ஸ் பக்கம் ஏதோ ஒரு ஊர்" என்கிறார் அவள் தாத்தா.

அந்த ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம், வா.

ஏன் வீட்டில் ஒன்றும் இல்லை?

1880 முதல் 1924 வரை 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் தென் இத்தாலியையும் சிசிலித் தீவையும் சேர்ந்தவர்கள். அங்கே நிலமெல்லாம் சிலர் கையில் இருந்தது. மற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். கூலி குறைவு, வரி அதிகம். நாலு காசு சம்பாதித்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் பலரும் கப்பல் ஏறினார்கள். திரும்பியவர்களும் ஏராளம்.

1871-இல் இத்தாலியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெற்கே நிலைமை இன்னும் மோசம். எழுதத் தெரியாத ஒருவர் நாட்குறிப்பு வைத்திருப்பாரா? கடிதங்களைக் கட்டி வைத்திருப்பாரா? மாட்டார். அதனால்தான் அந்தச் சிறுமியின் வீட்டுப் பெட்டி காலியாக இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனி. அவர் எழுதவில்லை, அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதினார்கள். பிறந்தபோது ஊர் மேயரின் அலுவலகத்தில் எழுதினார்கள். ஞானஸ்நானத்தின்போது பாதிரியார் எழுதினார். கப்பல் ஏறியபோது கம்பெனி குமாஸ்தா எழுதினார். அமெரிக்காவில் மக்கள்தொகை கணக்கெடுக்க வந்தவர் எழுதினார். ஓர் ஏழைக் கூலியாளைப் பற்றி இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்! அந்தத் தாள்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் போதும்.

நூலை விடாதே

பட்டம் ஒன்று தூரத்துப் புளியமரத்தில் சிக்கிக்கொண்டது. அதை விட்டது யார் என்று தெரிய வேண்டும். நீ என்ன செய்வாய்? ஊரெல்லாம் ஓடி ஒவ்வொரு வீடாகத் தட்டுவாயா? மாட்டாய். பட்டத்தின் நூலைப் பிடித்துக்கொண்டே, ஒவ்வொரு முழமாகப் பின்னால் போவாய்.

முன்னோரைத் தேடுவதும் அப்படித்தான். இத்தாலியில் ஆரம்பிக்கக் கூடாது. தன்னிடம் ஆரம்பிக்க வேண்டும். நான், என் அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று படிப்படியாகப் பின்னால் போக வேண்டும். ஒரு படி உறுதியானால்தான் அடுத்த படி. புரிகிறதா? நல்லது.

வயதில் ஒரு கணக்கு

முதலில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு. பத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பார்கள். தனி ஆட்களின் விவரங்களை 72 ஆண்டுகள் பூட்டி வைத்துவிட்டு, பிறகுதான் எல்லோருக்கும் காட்டுவார்கள். 1900 முதல் 1930 வரை எடுத்த கணக்குகள் நமக்குப் பொக்கிஷம். வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் "எந்த ஆண்டு இங்கே வந்தீர்கள்?" என்று அவற்றில் கேட்டிருக்கிறார்கள். 1890 கணக்குத் தாள்கள் மட்டும் நமக்குக் கிடைக்காது. 1921-இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீ விபத்தில் அவை பெரும்பாலும் பாழாகிவிட்டன.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எள்ளுத் தாத்தாவின் வயது 1910 கணக்கில் 23, 1920-இல் 31, 1930-இல் 43 என்று இருக்கிறது. அவர் எப்போது பிறந்தார்? கழித்துப் பார். 1887, 1889, 1887. மூன்றும் ஒத்துப்போகவில்லையே!

பயப்படாதே. பிறந்த நாளைச் சரியாகத் தெரியாதவர்கள் அன்று நிறைய இருந்தார்கள். சில சமயம் பக்கத்து வீட்டுக்காரர் குத்துமதிப்பாக வயது சொல்லியிருப்பார். விஞ்ஞானி என்ன செய்வார் தெரியுமா? ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்க மாட்டார். "1886-க்கும் 1890-க்கும் இடையில்" என்று எழுதிக்கொள்வார். பிழை வரக்கூடிய இடத்துக்கும் சேர்த்து வேலி போடுவது நல்ல அளவீடு.

ஊர்ப் பெயர் ஒளிந்திருக்கும் தாள்கள்

இந்தத் தேடலின் சாவி ஊர்ப் பெயர்தான். இத்தாலியில் பிறப்பும் இறப்பும் அந்தந்த ஊரில்தான் பதிவாகும். ஊர் தெரியாவிட்டால் எந்தக் கதவையும் தட்ட முடியாது. "நேப்பிள்ஸ் பக்கம்" என்பது உதவாது. பலர் நேப்பிள்ஸில் கப்பல் ஏறினார்கள். அவர்கள் பிறந்த ஊரோ மலை மேல் எங்கோ இருந்தது.

ஊர்ப் பெயர் எங்கெங்கே இருக்கலாம்? மூன்று இடம் சொல்கிறேன்.

ஒன்று, முதல் உலகப் போர்க்காலப் பதிவு அட்டை. 1917 ஜூன் 5 அன்று, 21 முதல் 30 வயது வரையிலான ஆண்கள் எல்லோரும் அமெரிக்காவில் பெயர் பதிய வேண்டியிருந்தது. குடியுரிமை இல்லாதவர்களும் பதிந்தார்கள். "எங்கே பிறந்தாய்?" என்று அந்த அட்டையில் ஒரு கேள்வி உண்டு.

இரண்டு, குடியுரிமை விண்ணப்பம். 1906 செப்டம்பருக்குப் பிறகு நாடு முழுவதும் ஒரே மாதிரிப் படிவம் வந்தது. பிறந்த இடம், பிறந்த நாள், வந்த கப்பல், வந்திறங்கிய நாள் என்று எல்லாவற்றையும் அதில் எழுதினார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கப்பல் பயணிகள் பட்டியல்.

ஒரு தாள், 30 பேர்

நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்று ஒரு சின்னத் தீவு. 1892 முதல் 1954 வரை சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் அந்த வழியாக அமெரிக்காவுக்குள் வந்தார்கள். 1907 ஏப்ரல் 17 அன்று ஒரே நாளில் 11,747 பேர்!

அந்தக் காலத்துப் பட்டியல் தாள் ஒன்றை எடுத்துப் பார்ப்போம். அகலமான தாள். இடப்பக்கம் 1 முதல் 30 வரை எண்கள். ஒரு வரிக்கு ஓர் ஆள். மேலே கட்டம் கட்டமாகக் கேள்விகள். பெயர் என்ன? வயது என்ன? என்ன வேலை? எழுதத் தெரியுமா? டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது யார்? கையில் எவ்வளவு பணம்? யாரிடம் போகிறாய், அவர் முகவரி என்ன?

1907 வாக்கில் இன்னும் சில கட்டங்கள் சேர்ந்தன. சொந்த ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினர் யார்? அவர் முகவரி என்ன? பிறந்த ஊர் எது? உயரம் எவ்வளவு? முடி என்ன நிறம்? கண் என்ன நிறம்?

யோசித்துப் பார். புகைப்படமே இல்லாத அந்தக் குடும்பத்துக்கு, எள்ளுத் தாத்தாவின் உயரமும் கண்ணின் நிறமும் கிடைத்துவிடும். ஊரில் இருந்த அவருடைய அப்பாவின் பெயரும் அதே வரியில் கிடைக்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். இத்தாலியப் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பதிவேடுகளில் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே வைத்திருந்தார்கள். கப்பல் பட்டியலிலும் அப்படித்தான். அம்மா ஒரு குடும்பப் பெயரில் இருப்பார். அவருக்குக் கீழ் வரிகளில் பிள்ளைகள் அப்பாவின் குடும்பப் பெயரில் இருப்பார்கள். கணவர் பெயரை வைத்துத் தேடுகிறவர் எள்ளுப் பாட்டியைத் தவறவிட்டுவிடுவார். நீ விடமாட்டாய்!

பெயரை யார் மாற்றினார்?

"எல்லிஸ் தீவு அதிகாரிகள் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள்" என்று அமெரிக்காவில் பல குடும்பங்களில் சொல்வார்கள். அழகான கதை. ஆனால் சாட்சி என்ன சொல்கிறது?

பட்டியலை எழுதியது கப்பல் கம்பெனி. அது கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே தயாராகிவிட்டது. எல்லிஸ் தீவு அதிகாரி அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார். பக்கத்தில் இத்தாலிய மொழி பேசும் மொழிபெயர்ப்பாளரும் இருந்தார். பெயர்கள் மாறியது பெரும்பாலும் பிறகுதான். பள்ளிக்கூடத்தில் மாறின, வேலைத்தலத்தில் மாறின, பல பேர் தாங்களே விரும்பி மாற்றிக்கொண்டார்கள். ஜுசெப்பே ஜோசப் ஆனார். ஜொவான்னி ஜான் ஆனார். ஆகவே கப்பல் பட்டியலில் ஜோசப்பைத் தேடாதே. ஜுசெப்பேயைத் தேடு.

எழுத்து மாறினால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் ஓர் உபாயம் இருக்கிறது. பெயர் சவுண்டெக்ஸ். ராபர்ட் ரசல் என்பவர் 1918-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களுக்கு ஒரே குறியீடு கொடுப்பதுதான் அதன் வேலை.

முறை எளிது. பெயரின் முதல் ஆங்கில எழுத்தை வைத்துக்கொள். உயிரெழுத்துகளை எடுத்துவிடு. மற்ற பெரும்பாலான எழுத்துகளுக்கு எண் போடு. 'எஸ்', 'கே', 'இசட்' போன்றவற்றுக்கு 2. 'எல்' எழுத்துக்கு 4. 'எம்', 'என்' இரண்டுக்கும் 5. 'ஆர்' எழுத்துக்கு 6. ஒரே எழுத்து இரண்டு தடவை சேர்ந்து வந்தால் ஒன்றாகவே கொள். மூன்று இலக்கம் வராவிட்டால் பூஜ்யம் போட்டு நிரப்பு.

செய்து பார்ப்போமா? ரூசோ என்ற குடும்பப் பெயர்: ஆர்-200. ரோசி? அதுவும் ஆர்-200. மரீனோ: எம்-650. மொரேனோ? நீயே சொல். ஆமாம், அதே எம்-650! எழுதியவர் உயிரெழுத்தைத் தப்பாகப் போட்டிருந்தாலும் பெயர் தப்பிப் போகாது. ஆனால் ஒரே குறியீடு இருப்பதால் ஒரே குடும்பம் என்று முடிவு கட்டிவிடாதே. சவுண்டெக்ஸ் ஆட்களைத் திரட்டித் தரும். அவர்களில் நம் ஆள் யார் என்று சோதிப்பது உன் வேலை.

பக்கத்து வீட்டைப் பார்

நம் ஆளின் தாளில் ஊர்ப் பெயர் கிடைக்கவில்லை என்றால்? அப்போது அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு ஊர்க்காரர் போய் வேலை தேடிக்கொள்வார். பிறகு தம்பியை வரவழைப்பார். தம்பி மச்சானை வரவழைப்பார். கொஞ்ச நாளில் பாதி ஊர் அங்கே இருக்கும். பென்சில்வேனியா மாநிலத்தில் ரோசெத்தோ என்று ஒரு சிற்றூர் உண்டு. தென் இத்தாலியில் பூல்யா பகுதியைச் சேர்ந்த ரோசெத்தோ வல்ஃபோர்த்தோரே என்ற ஊர்க்காரர்கள் 1880-களில் வந்து உருவாக்கிய ஊர் அது. சிலேட்டுக் கல் வெட்டும் குவாரிகளில் வேலை செய்ய வந்தவர்கள், சொந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஆகவே எள்ளுத் தாத்தாவின் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார், அவர் பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன் யார், மாடி வீட்டில் குடியிருந்தவர் யார் என்று பார். அவர்களுடைய தாள்களில் ஊர்ப் பெயர் இருக்கலாம்.

ஊர் கிடைத்தது! இனி?

இனி இத்தாலிக்குப் போகலாம். நெப்போலியன் காலத்தில், 1809-இல், நேப்பிள்ஸ் அரசில் அரசாங்கமே பிறப்பு, திருமணம், இறப்பு பதிவு செய்யத் தொடங்கியது. சிசிலியில் இது 1820-இல் வந்தது. இத்தாலி ஒரே நாடாக இணைந்த பிறகு, 1866 முதல் பொதுவான முறை நடைமுறைக்கு வந்தது. இந்தப் பதிவேடுகளில் பலவற்றை இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்கள் 'அந்தெனாதி' என்ற இணையதளத்தில் இலவசமாகவே காட்டுகின்றன.

ஒரு பிறப்புப் பதிவைக் கிட்டத்தில் பார்ப்போம். ஆண்டும் நாளும் எண்ணால் எழுதப்படவில்லை, சொற்களால் எழுதப்பட்டிருக்கின்றன. யாரும் பின்னால் திருத்திவிடக் கூடாதே, அதற்காக. குழந்தை பிறந்த நேரம் இருக்கிறது. தெருப் பெயர் இருக்கிறது. அப்பாவின் பெயர், வயது, தொழில் இருக்கின்றன. அம்மாவின் பெயர் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு இருக்கிறது. இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள்.

அப்பாவின் பெயருக்குப் பிறகு அவருடைய அப்பாவின் பெயரும் வரும். நடுவில் 'தி' என்று இருந்தால் தாத்தா உயிரோடு இருக்கிறார். 'ஃபூ' என்று இருந்தால் தாத்தா காலமாகிவிட்டார். இப்போது உன் மூளைக்கு வேலை: 1888-இல் மூத்த பிள்ளையின் பதிவில் 'தி' இருக்கிறது, 1891-இல் அடுத்த பிள்ளையின் பதிவில் 'ஃபூ' இருக்கிறது. என்ன தெரிகிறது? தாத்தா இந்த இரண்டு பதிவுகளுக்கும் இடையில் இறந்திருக்கிறார். இறப்புப் பதிவேட்டில் எந்த ஆண்டுகளைத் தேட வேண்டும் என்று இரண்டே எழுத்து சொல்லிவிட்டது!

ஓரத்தையும் பார்க்க மறக்காதே. அந்தக் குழந்தை வளர்ந்து திருமணம் செய்தபோது, அந்தத் தகவலைப் பழைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் குறித்து வைப்பார்கள்.

தீயும் நிலநடுக்கமும் ஏடுகளை அழித்துவிட்டால் என்ன செய்வது? 1908 டிசம்பர் 28 அன்று சிசிலித் தீவின் மெசினா நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. இத்தாலியில் பதிவேட்டை இரண்டு படியாக எழுதுவார்கள். ஒன்று ஊரில் இருக்கும். மற்றொன்று நீதிமன்றத்துக்குப் போகும். ஒன்று போனாலும் மற்றது மிஞ்ச வாய்ப்பு உண்டு. இரண்டும் இல்லையென்றால் தேவாலய ஏடுகள் இருக்கின்றன. ஞானஸ்நானமும் திருமணமும் ஏட்டில் எழுதப்பட வேண்டும் என்ற வழக்கத்தை 1563-இல் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கம் உறுதிப்படுத்தியது.

மங்கிய மையும் புற ஊதாக்கதிரும்

பழைய ஏடுகளில் எழுத்து பழுப்பாக மங்கியிருக்கும். அந்த மையில் இரும்புச் சத்தும், கருவாலி மரத்தில் உண்டாகும் முடிச்சுகளிலிருந்து எடுத்த டானின் என்ற பொருளும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் கறுப்பு. நம் ஊர்க் கடுக்காயிலும் டானின் உண்டு. அதோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து நம் பக்கத்திலும் கறுப்பு மை செய்திருக்கிறார்கள்.

மங்கிய அந்த எழுத்தின் மேல் புற ஊதாக்கதிர் விளக்கைக் காட்டினால் என்ன ஆகும்? தாள் பளிச்சென்று ஒளிரும். மை பட்ட இடம் கதிரை விழுங்கிக்கொண்டு இருட்டாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத எழுத்து தெரிந்துவிடும்! இதைக் காப்பகத்தில் பயிற்சி பெற்றவர்கள்தான் செய்வார்கள்.

ஒரே பெயரில் நான்கு பேர்

தென் இத்தாலியில் ஒரு வழக்கம். முதல் மகனுக்கு அப்பாவழித் தாத்தாவின் பெயர். இரண்டாம் மகனுக்கு அம்மாவழித் தாத்தாவின் பெயர். முதல் மகளுக்கு அப்பாவழிப் பாட்டியின் பெயர். இரண்டாம் மகளுக்கு அம்மாவழிப் பாட்டியின் பெயர்.

இதில் ஒரு நன்மை உண்டு. பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகப் பார்த்தால் தாத்தா பாட்டிகளின் பெயர்களை ஊகிக்கலாம். ஒரு சிக்கலும் உண்டு. ஜுசெப்பே தாத்தாவுக்கு நான்கு மகன்கள் என்றால், நான்கு பேரும் தங்கள் மூத்த மகனுக்கு ஜுசெப்பே என்றே பெயர் வைப்பார்கள். ஒரே ஊர், ஒரே குடும்பப் பெயர், நான்கு ஜுசெப்பே! எப்படிப் பிரிப்பாய்? அம்மா பெயரை வைத்துத்தான். அம்மாக்கள் நான்கு பேருக்கும் நான்கு பிறந்த வீடு அல்லவா?

நினைவில் வை: வழக்கத்தை வைத்துச் சொல்வது ஊகம். ஏட்டில் பார்த்தால்தான் முடிவு.

உடம்புக்குள் இருக்கும் ஏடு

காகிதம் எல்லாம் தீர்ந்த பிறகும் ஒரு சாட்சி மிச்சம் இருக்கிறது. டி.என்.ஏ. அதைச் சுமக்கும் குரோமோசோம்கள் உனக்கு 46. பாதி அம்மாவிடமிருந்து வந்தவை, பாதி அப்பாவிடமிருந்து வந்தவை. தாத்தா ஒருவரிடமிருந்து உனக்கு வந்தது சராசரியாகக் கால் பங்கு. கொள்ளுத் தாத்தாவிடமிருந்து எட்டில் ஒரு பங்கு. எள்ளுத் தாத்தாவிடமிருந்து பதினாறில் ஒரு பங்கு.

இரண்டு பேருடைய டி.என்.ஏ.-வை ஒப்பிட்டால் அவர்கள் உறவா, எவ்வளவு நெருக்கம் என்று சொல்லலாம். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளுக்கிடையே சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். 'ஒய்' குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் போகும். இத்தாலியில் குடும்பப் பெயரும் 2022 வரை பொதுவாக அதே வழியில்தான் போனது.

ஆனால் டி.என்.ஏ. கிராமத்தின் பெயரைச் சொல்லாது. உறவினரைக் காட்டும், அவரிடம் ஊர்ப் பெயர் இருக்கலாம். இன்னொன்று: இது குடும்பம் முழுவதையும் தொடும் விஷயம். வீட்டுப் பெரியவர்களின் சம்மதம் இல்லாமல் யாரும் இதைச் செய்யக் கூடாது.

இரண்டு சாட்சி

இப்போது அந்தச் சிறுமியின் கையில் என்னென்ன இருக்கின்றன? கணக்கெடுப்பில் வந்த ஆண்டு, போர்க்கால அட்டையில் பிறந்த ஊர், கப்பல் பட்டியலில் அப்பாவின் பெயர், ஊர் ஏட்டில் பிறந்த நாள். ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு. எழுதிய இடமும் வேறு. அவை எல்லாம் ஒரே ஆளைக் காட்டினால், அவள் தைரியமாகச் சொல்லலாம்: இவர்தான் என் எள்ளுத் தாத்தா.

ஒரே ஒரு தாளை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதே. ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு சாட்சிகளாவது வேண்டும். இது முன்னோரைத் தேடுவதற்கு மட்டும் உரிய விதி அல்ல. எல்லா அறிவியலுக்கும் இதுதான் விதி.

கடைசியாக உனக்கு ஒரு வேலை தருகிறேன். ஏடுகள் பல நூறு ஆண்டு காத்திருக்கும். பெரியவர்களின் நினைவு அப்படிக் காத்திருக்காது. உன் வீட்டில் மிக மூத்தவரிடம் இந்த வாரமே போய் உட்கார். அவருடைய தாத்தா பாட்டி பெயர் என்ன, எந்த ஊர், ஏன் அந்த ஊரை விட்டு வந்தார்கள் என்று கேள். அவர் சொல்வதை அப்படியே ஒரு நோட்டில் எழுது. சொன்னவர் பெயரையும் தேதியையும் கீழே குறி. அந்த நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்.